டைகரின் நகத்தை யார் வெட்டுவது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். கணவர் பால்வெட்டுத் தொழிலாளி. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன லாப்ரடார் கலப்பு நாய் எங்களிடம் இருக்கிறது. பெயர் டைகர். பகலில் கூண்டில் இருக்கும், இரவில் முற்றத்தில் அவிழ்த்து விடுவோம். நகம் நீண்டுவிட்டது. வீட்டுக்குள் வந்தால் டைல்ஸ் தரையில் டக் டக் என்று சத்தம் கேட்கிறது, காலும் வழுக்குகிறது. சென்ற மாதம் மகனின் நண்பர்கள் மூன்று பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நாம் நகம் வெட்டுகிற நகவெட்டியாலேயே வெட்டினார்கள். ரத்தம் கொட்டியது. மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய் எல்லாம் வைத்தும் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. அன்றிலிருந்து காலைத் தொட்டாலே உறுமுகிறது. ஒரு நாள் கணவர் கம்பால் அடித்துவிட்டார். இப்போது அவரைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. நகம் எல்லாமே கறுப்பு. உள்ளே எதுவும் தெரியவில்லை. முன்காலில் உயரத்தில் உள்ள நகம் ஒன்று வளைந்து தோலைத் தொடுகிறது. நாய்க்கு நகம் வெட்டினால் காவல் காக்காது, அப்படியே விட்டுவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. வீட்டிலேயே வெட்ட வழி உண்டா? மயக்க மாத்திரை கொடுத்து வெட்டலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

முன்காலில் உயரத்தில் உள்ள நகம் வளைந்து தோலைத் தொடுகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற நகங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. அந்த ஒன்றுக்கு இல்லை.

பெரும்பாலான நாய்களுக்கு 18 நகங்கள் இருக்கும். நான்கு பாதங்களிலும் நான்கு நான்காகப் பதினாறு. அதோடு முன்கால்களின் உள்பக்கத்தில், தரைக்கு எட்டாத உயரத்தில் ஒவ்வொன்று. சில நாய்களுக்குப் பின்காலிலும் அப்படி இருக்கும். குட்டி வாங்கும்போது அதை எண்ணிப் பார்த்து ராசி சொல்கிறவர்கள், நாய் வளர்ந்த பிறகு அந்த நகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தரையைத் தொடும் நகங்கள் நடக்க நடக்கக் கொஞ்சமாவது தேயும். இது எதிலும் உரசுவதில்லை. தேயாமல் வட்டமாக வளர்ந்துகொண்டே போய், கடைசியில் தன் காலின் சதைக்குள்ளேயே குத்தி இறங்கும். புண்ணாகி, சீழ் வைத்து, நாற்றம் வந்த பிறகு எங்களிடம் கொண்டுவரப்படும் நாய்கள் அதிகம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரத்திலேயே கிடக்கும் அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைப்பதற்கு ஓரிரு நாள் போதும்.

டைகர் படுத்திருக்கும்போது, கையால் தொடாமல், நல்ல வெளிச்சத்தில் இன்றே அந்த இடத்தைப் பாருங்கள். தோல் சிவந்திருந்தாலோ, ஈரமாக இருந்தாலோ, நுனி உள்ளே போயிருந்தாலோ நீங்கள் கை வைக்கக் கூடாது. வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தாலும், அந்த ஒரு நகத்தை இந்த வாரத்துக்குள் கால்நடை மருத்துவர் கையால் வெட்டிவிடுவதுதான் என் ஆலோசனை. ஆட்டோவில் ஏற மறுத்தால் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பகுதியில் பசுவுக்குச் சினை ஊசி போட வருகிறவரிடம் கேட்டாலே யாரை அழைப்பது என்று வழி சொல்வார். டைகர் இப்போது இருக்கும் நிலையில் மயக்க ஊசி தேவைப்படலாம். அதை எடை பார்த்து, இதயத் துடிப்பைப் பார்த்து மருத்துவர் போடுவார். அந்த மயக்கத்திலேயே மற்ற நகங்களையும் ஓரளவு குறைத்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் நீங்கள் அவசரமில்லாமல் தொடங்கலாம்.

மருத்துவர் வரும் அதே நாளில் இன்னொரு வேலையும் ஆக வேண்டும். நகத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் வருவது சாதாரணம். ஆரோக்கியமான நாய்க்கு, அழுத்திப் பிடித்தால் ஐந்து பத்து நிமிடங்களில் நின்றுவிடும். ஒரு மணி நேரம் நிற்கவில்லை என்கிறீர்கள். பயத்தில் முற்றமெல்லாம் ஓடியதாலும், அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாததாலும் அவ்வளவு நேரம் ஆகியிருக்கலாம். ஆனால் நாய்களிடம் அதிகம் காணும் உண்ணிக் காய்ச்சலை நான் ஒதுக்கிவிட முடியாது. உண்ணி கடித்து எர்லிச்சியா என்ற கிருமி உடலுக்குள் போனால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். வெளியே பார்க்க நாய் நன்றாகவே இருக்கும்; கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் உணவு குறைவு, அவ்வளவுதான். சிறு காயம் பட்டால்தான் தெரியும், ரத்தம் நிற்காது. சில நாய்களுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், ஈறு வெளுத்திருக்கும். ரத்தப் பரிசோதனை செய்து தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாக்கலாம். எலி மருந்து வைத்த இடத்தில் டைகர் நடமாடியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில எலி மருந்துகளும் ரத்தம் உறைவதைத் தடுக்கும். இந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் நகவெட்டியை எடுக்க வேண்டாம்.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. நாயின் காவல் அதன் மூக்கிலும் காதிலும் இருக்கிறது. நகம் நீண்டால்தான் காவலுக்குக் கேடு, ஏனென்றால் நகம் தரையில் இடிக்கும்போது விரல் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த வலிக்கு இடம் கொடுத்து நாய் தன் நிற்கும் விதத்தையே மாற்றிக்கொள்கிறது. விரல்கள் விரிந்து, மணிக்கட்டு தளர்ந்து, பாரம் தவறான இடத்தில் விழுகிறது. லாப்ரடார் இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு இயல்பிலேயே அதிகம். டைல்ஸ் தரையில் தினமும் வழுக்கினால் அது இன்னும் மோசமாகும். நாய் நேராக நிற்கும்போது ஒரு தாளை நகத்துக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் நகத்தின் நீளம் சரி. நகத்தில் முட்டி நின்றால் வெட்ட வேண்டும்.

தெருவில் திரியும் நாய்க்கு யார் நகம் வெட்டுகிறார்கள் என்றும் அவர் கேட்கக்கூடும். அதற்குத் தாரும் சிமெண்டும் வெட்டுகின்றன. நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரிப் பக்கம் கடைத்தெருவில் ஓடும் நாயின் நகம் தானாகவே தேய்ந்துவிடும். குளச்சல், மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணலிலேயே நடக்கும் வீட்டு நாய்க்கு அவ்வளவாகத் தேயாது. உங்கள் பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும் மண்ணிலும் தேயாது. டைகர் அந்த மண்ணில்கூடப் பகலில் நடப்பதில்லை, கூண்டில் நிற்கிறது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். மூன்று வயது லாப்ரடாருக்குக் கூண்டும் இரவு முற்றமும் போதாது. காலையில் அரைமணி நேரமாவது தார்ச்சாலையிலோ சிமெண்டுப் பாதையிலோ கழுத்துப்பட்டை கட்டி நடத்துங்கள். வெயில் ஏறிவிட்டால் தார் சுட்டுப் பாதம் வெந்துபோகும். ஆகவே விடிந்ததும் போய்விட வேண்டும். நகப் பிரச்சினையில் ஒரு பங்கு அதிலேயே தீர்ந்துவிடும். நடந்து களைத்து வந்த நாயைத் தொடுவதும் எளிது.

இப்போது கறுப்பு நகம். நாயின் நகத்துக்குள் நடுவே உயிருள்ள சதை இருக்கிறது. அதில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால்தான் கறுப்பு நகத்தை ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. உங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் பொருத்தமான கை ஒன்று இருக்கிறது. உங்கள் கணவருடைய கை.

ரப்பர் மரத்தில் கத்தி எப்படிப் போக வேண்டும் என்று அவரிடம் நான் சொல்லத் தேவையில்லை. பட்டையை மெல்லிய சீவலாக மட்டும் எடுக்க வேண்டும்; கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்தும் அந்தக் கணக்கு அவர் விரலிலேயே இருக்கிறது. டைகரின் நகத்துக்கும் அதே கணக்குதான். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர், அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டிய முகத்தை நேராகப் பார்க்க வேண்டும். முதலில் அது உலர்ந்து, வெளிறி, சுண்ணாம்புபோல இருக்கும். இன்னும் எடுக்கலாம். பிறகு நடுவில் சாம்பல் நிறம் தோன்றும். அதற்கடுத்து, நடுவே ஈரப்பசையோடு பளபளக்கும் கரும்புள்ளி ஒன்று வரும். அதுதான் எல்லை. புள்ளி தெரிந்த பிறகு ஒரு சீவல்கூட எடுக்கக் கூடாது. நகத்தை அடியிலிருந்து பார்த்தாலும் ஒரு குறிப்பு கிடைக்கும்: நுனிப் பக்கம் உள்கூடாக, பள்ளமாக இருக்கும், பள்ளம் முடிந்து கெட்டியாகும் இடத்தில் உயிர்ச்சதை தொடங்குகிறது. கொக்கியாக வளைந்த நுனியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை.

நகம் நீளும்போது உள்ளிருக்கும் சதையும் கூடவே நீண்டுவிடுகிறது. ஆகவே பல மாதம் விட்ட நகத்தை ஒரே நாளில் சரியான அளவுக்குக் கொண்டுவர முடியாது. வாரம் ஒருமுறை நுனியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருந்தால் சதை மெல்ல மெல்லப் பின்வாங்கும். மூன்று நான்கு மாதங்களில் நகம் தரைக்கு மேலே ஏறிவிடும். அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். அவசரப்பட்டு நீளத்தைக் குறைக்க முயன்றவர்களால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது.

நம் நகவெட்டி நாய்க்கு ஆகாது. நம் நகம் தட்டை, நாயின் நகம் உருண்டை. இரண்டு பக்கமும் நசுக்கி, நகத்தை நெடுகப் பிளந்துவிடும். நசுங்கும்போதே உள்ளே வலிக்கும்; ரத்தம் வராவிட்டாலும் நாய் அதை மறக்காது. நாய்க்கென்று கத்தரிக்கோல் வடிவில், வெட்டும் இடத்தில் அரைவட்டமாகக் குழிந்த நகவெட்டி விற்கிறார்கள். லாப்ரடாருக்குப் பெரிய அளவு வேண்டும். அதில் பொருத்தியிருக்கும் தடுப்புத் தகட்டை நம்பி வெட்டாதீர்கள். அந்தத் தகட்டுக்கு டைகரின் நகத்துக்குள் சதை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வெட்டு முனை மழுங்கினால் உடனே மாற்றுங்கள். மின்சாரத்தில் சுழன்று தேய்க்கும் கருவியும் இருக்கிறது. அதன் சத்தமும் சூடும் டைகருக்கு இப்போது வேண்டாம்.

நகவெட்டி வாங்கியதும் நாயிடம் போகாதீர்கள். உங்களுக்கு இப்போது நகத்தைவிடப் பெரிய பிரச்சினை டைகரின் பயம். மூன்று பேர் அமுக்கிப் பிடித்து, வலித்து, ரத்தம் வந்த அந்த நாளிலிருந்து, காலைத் தொட்டால் வலி வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. உறுமியதற்கு அடி விழுந்தது. உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்தால் பயம் குறையாது. எச்சரிக்கை மட்டும் நின்றுவிடும். அடுத்த முறை டைகர் உறுமாமலே கடிக்கும். கணவர் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது, நல்ல நாய்கள் பல இப்படித்தான் கடிநாய் என்று பெயர் வாங்குகின்றன. ஆனால் அந்தக் கம்பு இனி வேண்டாம். டைகரோடு உறவைச் சரிசெய்ய வேண்டியவரும் அவர்தான்.

அதற்கு அவர் செய்ய வேண்டியது மிகச் சிறியது. பால்வெட்டு முடிந்து, குளித்துவிட்டு வந்த பிறகு, முற்றத்தில் ஒரு சாக்கை விரித்துத் தரையில் உட்காரட்டும். டைகரைக் கூப்பிட வேண்டாம், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த சாளை மீனைச் சிறு துண்டுகளாகக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் போடட்டும். வந்து தின்றுவிட்டுப் போகட்டும். மீன் இல்லாத நாளில் நன்றாக வெந்த மரச்சீனித் துண்டோ மட்டிப்பழத் துண்டோ போதும். குழம்பில் கிடந்த மீன் வேண்டாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. டைகர் தானாகவே அவர் அருகில் வந்து படுக்கும்வரை இது மட்டும்தான் வேலை. சில நாய்களுக்கு நான்கு நாளில் நடக்கும், சில நாய்களுக்கு மூன்று வாரம் ஆகும். அதுவரை காலைத் தொடவே கூடாது.

வந்து படுக்கத் தொடங்கியதும் தோளைத் தொடுங்கள், உடனே ஒரு துண்டு கொடுங்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் தொடுதல், அதன் பிறகு தீனி. தீனியைக் காட்டிவிட்டுத் தொட்டால், தீனியைப் பார்த்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று நாய் சந்தேகப்படத் தொடங்கும். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து பாதம், பாதத்திலிருந்து ஒரு விரல் என்று இறங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் டைகர் தளர்ந்து இருக்கும்போதுதான் அடுத்த இடம். நாக்கால் உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது, இவை உறுமலுக்கும் முந்தைய அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டு, முந்தைய இடத்துக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்த நாளும் வேண்டாம். தீனி கொடுக்கும் அளவுக்கு இரவு உணவைக் குறையுங்கள். லாப்ரடார் எளிதில் பருத்துவிடும்.

பாதத்தைப் பிடிக்கவிட்ட பிறகு நகவெட்டியைத் தரையில் வையுங்கள். டைகர் மோந்து பார்க்கும், தீனி கொடுங்கள். பிறகு அதன் உலோகப் பக்கத்தை நகத்தில் மெல்லத் தொட்டு எடுங்கள், தீனி கொடுங்கள். கடைசியாகப் பழக வேண்டியது அந்த டக் என்ற சத்தம். அதற்குத் தென்னை ஈர்க்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, டைகர் அருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துண்டு மீன். நாய்க்குச் சத்தம் பழகும், உங்கள் கணவருக்கும் அந்தக் கருவி கைக்குப் பழகிவிடும். ஒரு மில்லிமீட்டர் எடுக்க எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஈர்க்கிலேயே கற்றுக்கொள்ளலாம்.

வெட்டும் முதல் நாளில் ஒரே ஒரு நகம். அது நன்றாக நடந்தாலும் அடுத்ததைத் தொட வேண்டாம். நடந்து களைத்த பிறகு, நல்ல பகல் வெளிச்சத்தில், வழுக்காத கயிற்றுப் பாயிலோ சாக்கிலோ டைகரைப் படுக்க விடுங்கள். நீங்கள் தலைப்பக்கம் உட்கார்ந்து தீனி கொடுங்கள், கணவர் கால்பக்கம். கட்டை விரல் பாத மெத்தையின் அடியில், ஆள்காட்டி விரல் விரலின் மேலே. லேசாக அழுத்தினால் நகம் முன்னால் வரும். முடி மூடியிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். நகத்தின் வளைவுக்குக் கீழே, நுனியைச் சாய்வாக வெட்டட்டும். பின்கால் நகங்களை வெட்டும்போது காலைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். நடக்கும்போது கால் எப்படிப் பின்னால் போகிறதோ அந்தப் போக்கிலேயே கொஞ்சமாகத் தூக்கினால் இடுப்பில் வலிக்காது. குளிப்பாட்டிய பிறகு நகம் சற்று மென்மையாக இருக்கும், அப்போது பிளவுபடுவது குறையும். ஆனால் பாதத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உயரத்தில் உள்ள அந்த இரண்டு நகங்களையும் ஒவ்வொரு முறையும் முதலில் பாருங்கள். அவற்றை அறுத்து எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடிக்கடி கிழிபட்டுக் காயமாகிற நாய்க்குத் தவிர அறுவை தேவையில்லை. மாதம் ஒருமுறை வெட்டினால் போதும்.

ரத்தத்துக்கான ஏற்பாட்டை நகவெட்டியை எடுக்கும் முன்பே செய்து வையுங்கள். சுத்தமான பஞ்சு, ஒரு சிறு கிண்ணத்தில் பொடித்த படிகாரம். முடிதிருத்தும் கடைகளில் சவரக் கீறலுக்குத் தடவும் அதே படிகாரம்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் பாக்கெட்டில் விற்கும் வெள்ளைச் சோள மாவோ மைதாவோ போதும். வெட்டுப்பட்டுவிட்டால் யாரும் கத்தக் கூடாது. பொடியைப் பஞ்சில் எடுத்து நக நுனியில் வைத்து, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்துவிடும். மஞ்சளால் கெடுதல் இல்லை, ஆனால் நக நுனி ரத்தத்தை அது நிறுத்தாது. தேங்காய் எண்ணெய், மேலே வைக்கும் பொடியையும் ஒட்டவிடாமல் செய்யும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மிளகாய்ப் பொடி எதுவும் நகத்தின் பக்கம் வரக் கூடாது. ரத்தம் நின்ற பிறகு அரைமணி நேரம் துணி விரித்த அறையில் இருக்கட்டும். அன்று முழுவதும் ஈர மண்ணில் விடாதீர்கள். அரைமணி நேரம் அழுத்தியும் நிற்கவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த சில நாட்களில் நொண்டினாலோ, விரல் வீங்கினாலோ, ஓயாமல் நக்கினாலோ காட்டுங்கள்.

மயக்க மாத்திரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் எழுதித் தராமல் ஒன்றும் கொடுக்காதீர்கள். மனிதர் தூங்கச் சாப்பிடும் மாத்திரை சில நாய்களை எதிர்மாறாக வெறி பிடித்ததுபோல் ஆக்கும். வேறு சில மருந்துகளில் உடம்பு அசையாமல் கிடக்கும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். வீட்டில் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டு, மூச்சு தடுமாறியதும் ஓடிவருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வலிக்கென்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுப்பதும் அப்படித்தான்; நாயின் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். பாராசிட்டமாலும் வேண்டாம், கல்லீரல் கெடும். பயம் அதிகமான நாய்க்கு வெட்டுவதற்கு முன் கொடுக்கப் பாதுகாப்பான மாத்திரைகள் உண்டு. டைகரைப் பார்த்த மருத்துவர் அளவு சொல்லி எழுதித் தருவார்.

எல்லாம் செய்தும் நகவெட்டியைக் கண்டாலே டைகர் எழுந்து போகிறது என்றால், நகவெட்டியே இல்லாத வழி ஒன்று உண்டு. இரண்டடி நீளப் பலகை ஒன்றில் உப்புத்தாளை ஒட்டுங்கள். மிகவும் சொரசொரப்பானது வேண்டாம். பலகையைச் சாய்த்துப் பிடித்து, அதற்கு அடியில் மீன் துண்டை வையுங்கள். டைகர் முன்காலால் பிறாண்டும். பிறாண்டிய உடனே தீனி கொடுத்துப் பாராட்டுங்கள். ஒரு வாரத்தில் பலகையைக் கண்டதும் தானே வந்து பிறாண்டத் தொடங்கும். தினமும் பத்துப் பதினைந்து பிறாண்டல் போதும். பாத மெத்தை சிவக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்கால் நகங்களுக்கு இது நன்றாகப் பயன்படும். பின்காலுக்கும் உயரத்தில் உள்ள நகத்துக்கும் உதவாது.

பாதத்தைக் கையில் எடுக்க டைகர் அனுமதித்துவிட்டால், நகத்தோடு விரலிடுக்கையும் பாருங்கள். உண்ணி ஒளிந்துகொள்ள விரும்பும் இடம் அதுதான். நகத்தின் வேர்ப்பக்கம் செம்பழுப்பு நிறம் ஏறி, புளித்த வாடை வந்தால் ஈரத்தில் வளரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மழை மாதங்களில் பாதத்தைத் துடைத்து உலரவைப்பது அதற்கு முதல் வைத்தியம். பல நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்து கழன்றாலும், ஒரே ஒரு விரல் வீங்கி நகம் ஆட்டம் கண்டாலும், அதை நகம் உடைந்தது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வயதான கறுப்பு நிற நாய்களுக்கு நகத்தடியில் புற்றுநோய் வருவது உண்டு. டைகருக்கு அந்த வயது ஆகவில்லை என்றாலும் தெரிந்திருப்பது நல்லது.

பழக்கும்போது பல்லோ நகமோ பட்டு உங்கள் தோல் கீறினால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். தேவையா, எத்தனை தவணை என்பதை மருத்துவர் சொல்வார். டைகருக்கு ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால், நகம் வெட்ட வரும் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

மகன் விடுமுறைக்கு வரும்போது நண்பர்களோடு சேர்ந்து எல்லா நகத்தையும் ஒரே மூச்சில் வெட்டிவிடலாம் என்று நினைக்கக்கூடும். இந்தப் பதிலை இப்போதே தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வந்ததும் அவர் செய்யக்கூடிய உதவி, அதிகாலையில் டைகரைத் தார்ச்சாலையில் நடத்திக் கூட்டிக்கொண்டு போவது. ரத்தப் பரிசோதனை முடிவு கிடைத்ததும், தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறித்து எனக்கு எழுதுங்கள். எப்போது முதல் நகத்தைத் தொடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.